கோடை உஷ்ணமும் நகர நிர்மாணமும்

வியர்வை உலராத ஊர்

சென்னையின் கோடையைச் சுகாதார நோக்கில் ஆராய்வோர், 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி செல்சியஸை மட்டும் நினைவிற்கொண்டால் போதாது. கடலோரக் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால், தேகத்தைக் குளிர்விக்கும் முக்கிய உபாயமாகிய வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே தங்கிவிட, அதனினும் குறைந்த உஷ்ணத்திலேயே இருதயமும் சிறுநீரகமும் பெருஞ்சிரமத்துக்கு உள்ளாகின்றன. கடற்காற்று தாமதிக்கும் நாட்களில் தார் ஊற்றுவோரும் சித்தாள்களும் தள்ளுவண்டிக்காரர்களும் படும் அவஸ்தை சொல்லுந்தரமன்று. முதியோருக்கோ இராத்திரியும் அபாயமே. பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் தளம் அச்சூட்டை இரவில் மெல்ல வெளிவிடுவதால், மொட்டைமாடியின் கீழுள்ள ஒற்றை அறைகளில் படுத்திருப்போரின் தேகம் இளைப்பாற ஒரு ஜாமமும் வாய்ப்பதில்லை.

மரமும் சதுப்பும்

விருட்சங்களின் உபகாரம் நிழலோடு நிற்பதன்று. வேர் உறிஞ்சிய நீர் இலைவழியே ஆவியாகுங்கால் சுற்றுப்புறத்துச் சூட்டையும் கவர்ந்துகொள்கிறது. அத்தகைய விருட்சத்தை நாம் போற்றும் விதத்தை எந்தத் தெருவிலும் காணலாம்: புங்கையின் அடிமரத்தைச் சுற்றி ஒரு விரலளவு மண்ணும் தெரியாதபடி சிமென்ட் பூசி, பட்டையில் ஆணி அறைந்து விளம்பரத் தகடும் மாட்டியிருப்பர். மழைநீர் இறங்க வழியின்றி வேர் நலிந்த மரம் 2016-இன் வர்தா போன்ற புயலில் சாயுமாயின், குற்றம் மரத்தினுடையதன்று. மரத்தைப்போலவே ஊரைக் குளிர்விக்கும் சதுப்புநிலத்தையும் காக்கவேண்டும். பெரும்பரப்பை ஏற்கெனவே இழந்துவிட்ட சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு, சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்னும் ராம்சார் அங்கீகாரத்தை 2022-இல் பெற்றது சந்தோஷமே. எஞ்சியதிலும் கட்டடம் எழாதிருப்பதே மெய்யான பாதுகாப்பு.

அகமதாபாத்தின் அனுபவம்

2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் உஷ்ணம் 46.8 டிகிரியை எட்டியபோது, அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக மரித்தனர். அத்துயரத்தினின்று பிறந்ததே 2013-இன் வெப்பச் செயல்திட்டம். முன்னெச்சரிக்கையும் மருத்துவர் பயிற்சியும் அதில் இடம்பெற்றன. ஏழைகளின் கூரைகளுக்கு வெண்பூச்சு இடும் பணியும் பின்னர் சேர்ந்தது. தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டமையால், இனி நடவேண்டிய மரங்கள் செல்வர் வீதிகளிலன்றி, பேருந்து நிறுத்தங்களிலும் கூலிக்கு ஆள் எடுக்கும் முச்சந்திகளிலும் முதலில் வேரூன்றவேண்டும். பூங்காக்களை நண்பகலில் பூட்டலாகாது.

உடனே செய்யத்தக்கது

மரம் வளரும்வரை வெயில் காத்திராது. வெயிலில் நின்றவர் எவரேனும் பிதற்றினாலும் தள்ளாடி வீழ்ந்தாலும் தாமதியாது 108-ஐ அழைத்து, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் நீர் புகட்டாதீர்கள்.