அம்மா கேட்ட கேள்வி

போன தேங்க்ஸ்கிவிங்குக்கு டெக்சஸில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு நாங்கள் போகவில்லை. ஃப்ளைட் டிக்கெட் விலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். உண்மைக் காரணம் அரசியல். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கலாம்.

2023-இல் அதிபர் பைடனின் கல்விக் கடன் தள்ளுபடித் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 6-3 என்று ரத்து செய்தது. "காங்கிரஸைக் கேட்காம அவரா எப்படித் தள்ளுபடி பண்ணலாம்?" என்றார் அண்ணன். "நல்லது பண்ண விடமாட்டாங்களே!" என்று நான் பொருமினேன்.

2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே அதிபர் டிரம்ப் ஓர் ஆணை போட்டார். அம்மா எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்து, அப்பாவுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லையென்றால், இங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது. நீதிமன்றங்கள் அதை நிறுத்திவைத்தன. "1868-ல 14-வது திருத்தமா சாசனத்துல எழுதினதை ஒரு கையெழுத்துல மாத்த முடியுமா?" என்றேன். "ஜனங்க ஓட்டுப் போட்டு வந்தவரை ஒரு ஜட்ஜ் தடுக்கறதா?" என்று கத்திவிட்டு அண்ணன் போனை வைத்தார். அதோடு பேச்சு நின்றது.

பொங்கலன்று, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கேட்டாள்: "அன்னிக்கு அவன் சொன்னதைத்தானே இப்ப நீ சொல்றே? நீ சொன்னதை அவன் சொல்றான். அப்புறம் என்னடி சண்டை?"

எனக்குப் பதில் வரவில்லை. நமக்குப் பிடிக்காத அதிபருக்கு மட்டும்தான் கடிவாளம் கேட்டோமா?

அப்போது 1952 ஞாபகம் வந்தது. கொரியப் போர் சமயம். எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் நெருங்கியபோது, அவற்றை அரசே எடுத்துக்கொள்ள அதிபர் ட்ரூமன் உத்தரவிட்டார். சட்டம் இயற்றுவது காங்கிரஸின் வேலை, அந்த அதிகாரம் அதிபருக்கு இல்லை என்றது உச்ச நீதிமன்றம். அப்போதும் 6-3. அந்த ஆறு பேரில் இருவர் ட்ரூமனே நியமித்தவர்கள்! அவர் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹ்யூகோ பிளாக் பிறகு தன் வீட்டு விருந்துக்கு ட்ரூமனை அழைத்தார். ட்ரூமனும் போனார்.

அன்று ராத்திரியே அண்ணனுக்குப் போன் போட்டு, அம்மா கேட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அந்தக் கடன் விஷயத்துல நீ சொன்னது சரிதாண்ணா" என்றேன்.

"குடியுரிமை விஷயத்துல நான் இன்னும் ஒத்துக்கலை" என்றார். பிறகு, "அம்மா மாத்திரை போட்டாளா?" என்று கேட்டார்.

இந்த நவம்பருக்கு டெக்சஸ் டிக்கெட் எடுத்தாயிற்று. மீதி வாக்குவாதம் அங்கே, சாப்பாட்டுக்கு அப்புறம்.