காத்திருக்கும் நாட்களும் கஅப் (ரலி) அவர்களின் ஐம்பது இரவுகளும்

 



நோய் வந்தால் எவ்வாறு பொறுமை கொள்வது என்பது பற்றி மிம்பர்களில் நிறையப் பேசியிருக்கிறோம். நோய் வந்திருக்கிறதா, இல்லையா என்றே தெரியாமல் நிற்கும் நாட்களைப் பற்றிப் பேசியது குறைவு. இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் மிகுந்திருக்கின்றன. அல்லது தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன. மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "இரத்தநோய் நிபுணரிடம் காட்டுங்கள். எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம்" என்கிறார். புற்றுநோய் என்ற சொல்லை அவர் உச்சரித்தாரோ இல்லையோ, வீடு வந்து சேர்வதற்குள் அது எல்லோர் உள்ளத்திலும் குடியேறிவிடுகிறது. "ஹஜ்ரத், இதுதான் நோய் என்று சொல்லிவிட்டால்கூடத் தாங்கிக்கொள்வேன். ஒன்றும் தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை" என்று ஒரு சகோதரர் கூறினார். அவரை ஈமான் குறைந்தவர் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

இந்தக் காத்திருப்பு ஏன் நேர்கிறது என்பதை அறிந்துகொண்டாலே பாதி அச்சம் தணியும். இரும்புச்சத்தோ பி12 வைட்டமினோ குறைந்தாலும் இரத்தம் குறையும். டெங்குக் காய்ச்சலில் தட்டணுக்கள் சரியும். கிருமித் தொற்றில் வெள்ளை அணுக்கள் பெருகும். கழுத்தில் கட்டி என்றால் காசநோயாகவும் இருக்கலாம். இவற்றுள் எது என்று பிரித்தறியவே அடுத்தடுத்த சோதனைகள். இடுப்பெலும்பின் பின்புறத்தை மரத்துப்போகச் செய்து, மஜ்ஜை நீரையும் மெல்லிய எலும்புத் துண்டு ஒன்றையும் எடுக்கின்றனர். நீரை விரைவில் பார்த்துவிடலாம். எலும்புத் துண்டிலோ முதலில் சுண்ணாம்புச் சத்தை நீக்கி, மெழுகில் பதித்து, இழை இழையாகச் சீவிய பின்னரே நுண்ணோக்கியில் வைக்க முடியும். குரோமோசோம் சோதனைக்கு அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்தாக வேண்டும். ஆகவே சில நாட்கள், சில வேளை வாரங்கள்கூட ஆகின்றன. தாமதம் என்பது கெட்ட செய்திக்கு அடையாளமன்று.

நோய் உறுதியானாலும் இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. உடனே சிகிச்சை தொடங்க வேண்டியவை உண்டு. ஆண்டுக்கணக்கில் கண்காணித்தாலே போதும் என்று மருத்துவர்கள் விட்டுவைப்பவையும் உண்டு. நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற வகைக்கு 2001ஆம் ஆண்டில் இமாடினிப் என்ற மாத்திரை நடைமுறைக்கு வந்தது. அன்றாடம் மாத்திரை உட்கொண்டு தொழிலையும் குடும்பத்தையும் கவனித்து வருவோர் இன்று பலர். குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் லுகேமியா வகையிலும், முறையான சிகிச்சையை முழுமையாகப் பெறுவோரில் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

இனி, காத்திருப்பு என்றால் என்னவென்று உணர்ந்த ஒரு நபித்தோழரின் வரலாற்றைப் பார்ப்போம்.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் போருக்குச் செல்லாமல் தங்கிவிட்ட கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்களிடம் பொய்க் காரணம் கூறாமல் உண்மையைச் சொன்னார்கள். அல்லாஹ்வின் தீர்ப்பு வரும் வரை காத்திருக்குமாறு கூறப்பட்டது. அவர்களுடனும் அதே நிலையிலிருந்த மற்ற இருவருடனும் யாரும் பேசக்கூடாது என்றும் உத்தரவாயிற்று. தீர்ப்பு என்று வரும், என்னவாக வரும் என்பது எவருக்கும் தெரியாது. இந்நிலையில் ஐம்பது இரவுகள் கழிந்தன. விரிந்த பூமியே அவர்களுக்குக் குறுகிப் போனதாகத் திருக்குர்ஆன் தவ்பா அத்தியாயத்தில் கூறுகிறது. அறிக்கைக்காகக் காத்திருக்கும் வீட்டாருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கஅப் (ரலி) அவர்களின் காத்திருப்பு ஒரு தவறை முன்னிட்டு வந்தது. நோயாளியின் காத்திருப்பு அத்தகையதன்று. "என்ன பாவம் செய்தாரோ!" என்று திண்ணையில் பேசுவோர் அய்யூப் (அலை) அவர்களை நினைத்துப் பார்க்கட்டும். முள் குத்துவதுகூட முஃமினின் பாவங்களுக்குப் பரிகாரம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். நாம் கஅப் (ரலி) அவர்களிடம் எடுத்துக்கொள்வது, அந்த நாட்களை அவர்கள் கழித்த விதத்தை மட்டுமே.

மற்ற இருவரும் வீட்டிலேயே அமர்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அதையும் குறையாகச் சொல்வதற்கில்லை. கஅப் (ரலி) அவர்களோ வெளியே சென்றார்கள். கடைத்தெருவில் நடந்தார்கள். ஜமாஅத் தொழுகைக்கு வந்தார்கள். எவரும் பேசாத ஊரில், முடிவு தெரியாத நெஞ்சோடு, ஐவேளைத் தொழுகை அவர்களின் நாளைப் பகுத்துக் கொடுத்தது. லுஹர் வரை, பிறகு அஸர் வரை என்று கடப்பது, அறிக்கை வரும் தேதியை எண்ணிக்கொண்டிருப்பதைவிட எளிது.

இடையில் கஸ்ஸான் மன்னனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்களிடம் வந்துவிடும், ஆதரிக்கிறோம் என்பது அதன் கருத்து. தவிப்பில் இருப்பவனைத் தேடி வரும் குறுக்கு வழி அது. கஅப் (ரலி) அவர்கள் அதனை அடுப்பிலிட்டு எரித்தார்கள். நம் வீடுகளுக்கும் இத்தகைய கடிதங்கள் வருகின்றன. மஜ்ஜைப் பரிசோதனை வேண்டாம், ஒரே பொடியில் குணமாக்குகிறேன் என்று சொல்லிப் பணம் பறிப்போர் வருகிறார்கள். அத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. சோதனைக்கு முன் அதை உட்கொண்டால் நோயின் அடையாளமே மறைந்து, முடிவு தவறாகப் போகக்கூடும். சிகிச்சை தேடுமாறு கட்டளையிட்டவர்கள் நபி (ஸல்) அவர்களே. தவக்குலின் பெயரால் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பது தவக்குல் ஆகாது.

கண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு சுமத்தப்பட்டபோது, வஹீ வருவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. அழுகையால் ஈரல் பிளந்துவிடுமோ என்னும் அளவுக்கு அவர்கள் அழுதார்கள். யஃகூப் (அலை) அவர்களின் பொறுமையைச் சொல்ல விரும்பியபோது அந்தப் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. யூஸுஃபின் தந்தை என்று சொன்னார்கள். குர்ஆனை நன்கறிந்த அன்னைக்கே அப்படி என்றால், கவலையில் ரக்அத் எண்ணிக்கையை மறக்கும் நம் தாய்மார்கள் தங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

"மஜ்ஜையில் இருப்பது முன்பே இருக்கிறது, இனி துஆ கேட்டு என்ன பயன்?" என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். நாம் காகிதத்தில் உள்ள எழுத்துக்காக மட்டும் கையேந்துவதில்லை. ஷிஃபா, அதற்கான வழி, தாங்கும் வலிமை யாவும் இனி வரவேண்டியவை. தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்கள் எதைக் கேட்பது என்று வினவியபோது, ஆஃபியத்தைக் கேட்குமாறே நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். முடிவு எதுவானாலும் அந்த துஆ பொருந்தும்.

அடிக்கடி கேட்கப்படும் சில சட்டங்கள்: நோன்பு வைத்துக்கொண்டு பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தால் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் நோன்பு முறியாது. உளூ ஹனஃபீ மத்ஹபில் முறியும், ஷாஃபிஈயில் முறியாது. மஜ்ஜை எடுத்த இடத்துக் கட்டை நனைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்க, குளிப்பு கடமையானால் மற்ற இடங்களைக் கழுவிக் கட்டின் மீது ஈரக்கையால் தடவ வேண்டும். ஷாஃபிஈகள் தயம்முமும் செய்துகொள்ள வேண்டும்.

ஐம்பதாம் இரவின் காலையில், ஸுப்ஹு தொழுதுவிட்டுத் தம் வீட்டு மாடியில் அமர்ந்திருந்தபோது, ஸல்உ மலையிலிருந்து ஒருவர் உரத்த குரலில் நற்செய்தி கூறினார். கஅப் (ரலி) அவர்கள் ஸஜ்தாவில் வீழ்ந்தார்கள். பள்ளிக்குள் நுழைந்ததும் தல்ஹா (ரலி) அவர்கள் எழுந்து விரைந்து வந்து கைகொடுத்து வாழ்த்தினார்கள். முஹாஜிர்களில் வேறு எவரும் எழுந்து வரவில்லை என்பதையும், தல்ஹாவின் அந்தச் செயலை மறக்கவே இல்லை என்பதையும் கஅப் (ரலி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள்.

அறிக்கை வாங்கச் செல்லும் நாளில் நோயாளியைத் தனியே அனுப்பாதீர்கள். அச்சத்தில் இருப்பவர் மருத்துவர் சொல்வதில் பாதியைக் கேட்கமாட்டார். அண்ணனோ மைத்துனரோ, அவர்கள் வெளிநாட்டில் இருந்தால் அடுத்த வீட்டாரோ உடன் சென்று, சொல்வதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். உடன் வர ஆளில்லாதவர்கள் நம் ஜமாஅத் நிர்வாகத்திடம் தெரிவித்தால், இன்ஷா அல்லாஹ், ஒருவர் வருவார்.