மடங்கிய முழங்கால் ஏன் நிமிர மறுக்கிறது?

போரில் காலை இழந்தவர்களைச் சந்திக்கப் போகும் இடங்களில் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. செயற்கைக் கால் இருக்கிறது, ஆனால் முழங்கால் நிமிராததால் போட முடியவில்லை என்பதுதான் அது. காரணம் கேட்டால் "நரம்பு இழுத்துப்போட்டுது" என்பார்கள். பெரும்பாலும் இழுபட்டிருப்பது நரம்பல்ல, தசை. அது எப்படி நடக்கிறது என்று விளங்க, தசையின் உள்ளே கொஞ்சம் போக வேண்டும்.

ஒரு தசை நாருக்குள் மெல்லிய இழைகள் கட்டுக்கட்டாக நீளவாட்டில் ஓடுகின்றன. ஒவ்வோர் இழையும், யாழ்தேவியின் பெட்டிகள் மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சிறு அலகுகளால் ஆனது. ஒரு பெட்டியின் பெயர் சார்கோமியர். நீளம் ஏறத்தாழ 2.5 மைக்ரோமீற்றர், ஒரு மில்லிமீற்றருக்குள் 400 பெட்டிகள் அடங்கும்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இரண்டு வகைப் புரத இழைகள் உண்டு. தடித்தது மயோசின், மெல்லியது அக்டின். தசை சுருங்கும்போது இவை இரண்டுமே குட்டையாவதில்லை. ஒன்றின் இடையே மற்றது வழுக்கிப் போகிறது. இரு கை விரல்களையும் கோத்து உள்ளே தள்ளிப் பாருங்கள். விரல்கள் குறையவில்லை, கைகள்தான் நெருங்கின. 1954 மே மாதம் 'நேச்சர்' சஞ்சிகையின் ஒரே இதழில் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதை எழுதின. ஒன்றில் அன்ட்ரூ ஹக்ஸ்லி, மற்றதில் ஹியூ ஹக்ஸ்லி. இருவருக்கும் உறவு எதுவும் இல்லை.

மூளையின் கட்டளை நரம்பு வழியாக வந்ததும் தசை நாருக்குள் சேமித்து வைத்திருக்கும் கல்சியம் வெளியே பாய்கிறது. அக்டினை மூடியிருந்த புரதத்தை அது விலக்குகிறது. திறந்த இடத்தை மயோசினின் தலை பற்றிப் பிடித்து, மடங்கி, இழுக்கிறது. ஓர் இழுவையின் தூரம் ஒரு மில்லிமீற்றரில் இலட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். கோடானுகோடி தலைகள் திரும்பத் திரும்ப இழுப்பதால் ஒரு குடம் தண்ணீர் மேலே வருகிறது.

பிடித்த தலை தானாக விடாது. ஏ.ரி.பி. என்ற சக்தி மூலக்கூறு வந்து ஒட்டினால்தான் பிடி விடுபடும். கல்சியத்தைத் திரும்ப உள்ளே இறைக்கவும் அதே ஏ.ரி.பி. வேண்டும். உயிர் போனபின் அது தீர்ந்துவிடுகிறது, பிடித்த தலைகள் பிடித்தபடியே நிற்கின்றன. இறந்த உடல் விறைப்பது இதனால்தான். அந்த விறைப்பைத் தங்கள் கைகளால் உணர்ந்தவர்கள் எங்கள் மத்தியில் அதிகம்.

நிமிராத முழங்காலில் நடப்பது இதுவல்ல. அங்கே தலைகள் எதையும் இறுகப் பிடித்திருக்கவில்லை; பெட்டிகளே கழற்றப்பட்டுவிட்டன. ஒரு தசையை நெடுநாள் குறுகிய நிலையில் வைத்திருந்தால், இந்த நீளம் போதும் என்று அது தன்னை மாற்றிக்கொள்கிறது. 1972இல் வெளியான ஓர் ஆய்வில் பூனைகளின் கெண்டைக்கால் தசையொன்றைக் குறுகிய நிலையில் நான்கு வாரம் பிளாஸ்டரில் வைத்தார்கள். சார்கோமியர்களின் எண்ணிக்கை சுமார் 40 வீதம் குறைந்தது. பிளாஸ்டரைக் கழற்றியபின் அது பழைய அளவுக்குத் திரும்பியது.

கிளிநொச்சியில் ஓர் அக்கா சொன்னார்: "நோகுதெண்டு முழங்காலுக்குக் கீழ தலகாணி வைச்சுத்தான் படுத்தனான் தங்கச்சி. வேண்டாமெண்டு ஆரும் சொல்லேல்லை." முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவருக்கு அந்தத் தலையணை ஒரு பொறி. தொடையின் பின்புறத் தசைகள் இரவு முழுக்கக் குறுகியே கிடக்கும். அவருடைய செயற்கைக் கால் சீலை சுற்றியபடி சுவரில் சாய்ந்து நிற்கிறது. அன்று இரண்டு நிமிடம் செலவழித்து விளக்கியிருக்க வேண்டியவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது.

இயன்மருத்துவர்கள் குப்புறப் படுக்கச் சொல்வதும், சக்கர நாற்காலியில் இருக்கும்போது காலைத் தொங்கவிடாமல் பலகையில் நீட்டி வைக்கச் சொல்வதும் பெட்டிகளைக் காப்பாற்றத்தான். கால் இழந்த முதல் நாட்களிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும். பல வருடமாக மடங்கியே கிடக்கும் முழங்காலில் மூட்டுறையும் இறுகியிருக்கும்; பூனைக்கு நடந்ததுபோல நான்கு வாரத்தில் நிமிராது, சிலருக்குச் சத்திரசிகிச்சையும் தேவைப்படலாம். வீட்டில் யாரையாவது பிடித்து அமத்தச் சொல்லாதீர்கள். அரச வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவில் முதலில் காட்டுங்கள். செயற்கைக் காலையும் கையோடு கொண்டுபோங்கள்.