மேடை வாள் வாங்குகிறீர்களா? பளபளப்பை நம்பாதீர்கள்!

‘அட்டைக் கத்தி வீரன்’ என்று நம்மூரில் கேலி செய்வார்கள். ஆனால், மேடையில் சண்டை போடுகிறவர்களுக்கு அட்டைக் கத்தியால் ஆபத்து இல்லை. கடையில் பளபளவென்று தொங்கும் மலிவு விலை இரும்பு வாளால்தான் ஆபத்து.

மும்பையிலும் பெங்களூரிலும் ஆண்டு விழா என்றால் கட்டபொம்மன், மதுரை வீரன் நாடகங்களுக்குக் குறைவில்லை. பகலில் அலுவலகத்திலும் ஆலையிலும் உழைப்பவர்கள் இரவில் ஒத்திகை பார்க்கிறார்கள். செலவோ சந்தாப் பணம். எனவே மலிவாகக் கிடைக்கும் வாளையே தேடுகிறார்கள். மலிவாக வாங்குவதில் தவறில்லை. பார்த்து வாங்க வேண்டும்.

அலங்கார வாள் ஆகாது

சுவரில் மாட்டுவதற்கென்று விற்கப்படும் வாள்களில் பல, எவர்சில்வர் தகட்டில் செய்தவை. துரு பிடிக்காது, அழகாகவும் இருக்கும். ஆனால், அடி தாங்காது. நீண்ட அலகு மோதும்போது சட்டென்று ஒடியலாம். ஒடிந்த துண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை மீதும் பாயலாம்.

சண்டைக்கு ஏற்றது ஸ்பிரிங் எஃகு. லாரி ஸ்பிரிங் பட்டைக்குப் பயன்படும் இனம் அது. அலகைச் சிறிது வளைத்து விட்டால் மறுபடி நேராக நிமிர வேண்டும். வளைந்தபடியே நின்றால் இரும்பு மெது. பதம் அதிகமாகிவிட்டாலோ விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும்.

அலுமினிய வாள் கைக்கு இலேசு. ஆனால் நாலு மோதலில் விளிம்பு ரம்பப் பல்லாகி, கையைக் கிழிக்கும். எஃகு வாளோடு அதை மோத விடவே கூடாது.

உயிர் இருப்பது கைப்பிடியில்

அலகின் வால் கைப்பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். அகலமான வால், அடிக்குமிழ் வரை போயிருந்தால் நல்லது. மெல்லிய கம்பியைப் பற்றவைத்து மரையில் முடுக்கியிருந்தால், வீசும் வேகத்தில் அலகு தனியே பறந்துவிடும். வாளைக் கையில் பிடித்து உதறிப் பாருங்கள். ‘கடகட’ என்று ஆடினால் வேண்டாம்.

ஒரு கை வாள், ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின் இருந்தால் போதும். கைக்காப்பிலிருந்து நான்கு விரல் அகலத்தில் விரல்மேல் வைத்தால், தராசு முள்போல் நிற்க வேண்டும். முனை கனத்தால், ஓங்கிய கையை நிறுத்த முடியாது.

விளிம்பு 2 மில்லிமீட்டராவது கனமாக, மழுங்கி இருக்க வேண்டும். முனை உருண்டையாக இருக்க வேண்டும். 2008இல் ஆஸ்திரிய நாட்டின் வியன்னாவில் ‘மேரி ஸ்டூவர்ட்’ நாடகம் நடந்தபோது, மழுங்கிய கத்தி இருக்க வேண்டிய இடத்தில் நிஜக் கத்தி இருந்தது. தற்கொலைக் காட்சியில் நடிகரின் கழுத்து மெய்யாகவே அறுபட்டது. நல்லவேளையாக உயிர் பிழைத்தார். கத்தியைச் சோதிக்க அரை நிமிடம் போதும்.

சட்டமும் உண்டு

9 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள கூரிய வாள், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகளில் ஆயுத வகையில் சேரும். ஆகவே, கூர் தீட்டிய வாள் நாடகத்துக்கு ஆகாது. மழுங்கிய வாளையும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, சங்கத்தின் கடிதத்தோடு எடுத்துச் செல்வது நல்லது. மின்சார ரயில் கூட்டத்தில் திறந்த வாளோடு ஏறினால், போலீசாரிடம் வசனம் பேசித் தப்ப முடியாது!

வாங்கிய பிறகு

ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் அலகைத் துணியால் தடவிப் பார்க்க வேண்டும். துணி சிக்கும் இடத்தில் பிசிறு இருக்கிறது. அரத்தால் தேய்த்துவிட வேண்டும். குறுக்கே கீறல் விட்ட வாளை, என்ன விலை கொடுத்திருந்தாலும், ஒதுக்கிவிட வேண்டும். எண்ணெய் தடவி வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் உதவும்.

நல்ல வாளுக்குப் பணம் போதவில்லையா? மரத்தில் செய்து வெள்ளித்தாள் ஒட்டுங்கள். நடிப்பு நன்றாக இருந்தால் கைதட்டல் குறையாது. மறுநாள் காலை எல்லோரும் முழுக் கையோடு வேலைக்குப் போகலாம்.