‘டெல்’ போட்டால் எது அழியும்?



வைவாவில் கேட்கத் தகுந்த கேள்வி இது. பைத்தானில் ‘டெல் அ’ என்று போட்டால் எது அழியும்? “பொருள் அழியும் சார்” என்பார்கள் பலர். இல்லை. அழிவது ‘அ’ என்ற பெயர் மட்டும்தான்!

எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா சீட்டு எடுத்து வாங்கித் தந்த செகண்ட்ஹேண்ட் லேப்டாப்பில் மெமரி 2 ஜிபிதான். ஆகவே எனக்கு இது வெறும் மார்க் விஷயம் இல்லை.

ஒரு லிஸ்ட்டை உருவாக்கி ‘அ’ என்று பெயர் வைக்கிறோம். (பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம், போட்டுப் பாருங்கள்.) பிறகு ‘ஆ = அ’ என்றால் லிஸ்ட் இரண்டாகாது; அதைப் பிடித்திருக்கும் கைகள்தான் இரண்டாகும். அந்த எண்ணிக்கை பொருளோடேயே எழுதப்பட்டிருக்கும். ‘டெல்’ அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யம் ஆனதும் பொருள் உடனே காலி.

சிக்கல் எங்கே வருகிறது? எனக்கு நீ ஜாமீன், உனக்கு நான் ஜாமீன் என்று இரண்டு பேர் நிற்கிறார்கள். ஊரில் வேறு யாருக்கும் அவர்களைத் தெரியாது. ஒன்றையொன்று பிடித்திருக்கும் இரண்டு லிஸ்ட்டுகளும் அப்படித்தான். எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வரவே வராது. இதற்காகவே 2000-இல் வந்த பைத்தான் 2.0-இல் குப்பை பொறுக்கி ஒன்றைச் சேர்த்தார்கள். அது லிஸ்ட், டிக்‌ஷனரி போன்றவற்றை எடுத்து, அவை தங்களுக்குள் பிடித்திருப்பதை எண்ணிக்கையிலிருந்து கழித்துப் பார்க்கும். மிச்சம் இருந்தால் வெளியாள் பிடித்திருக்கிறான் என்று அர்த்தம். அவனும், அவன் வழியாக எட்டக்கூடியவர்களும் பிழைப்பார்கள். மற்றவை குப்பை. எவ்வளவு எளிய கணக்கு, பாருங்கள்!

சரி, எல்லாம் அழிந்த பிறகும் டாஸ்க் மேனேஜரில் மெமரி குறையவில்லையே, ஏன்? 512 பைட் வரையுள்ள சின்னப் பொருள்களுக்குப் பைத்தான் மெமரியை மொத்தமாக வாங்கி வைத்துச் சில்லறையாகக் கொடுக்கிறது. 2021-இல் வந்த 3.10 முதல், 64-பிட் மெஷினில் ஒரு மொத்தம் 1 எம்பி. அதற்குள் ஒரேயொரு பொருள் உயிரோடு இருந்தாலும் அந்த 1 எம்பி ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் திரும்பாது. காலியான இடத்தை அடுத்த பொருளுக்குத் தானே வைத்துக்கொள்ளும்.

அதனால் பெரிய ஃபைலை முழுசாக லிஸ்ட்டில் ஏற்றாமல் வரி வரியாகப் படிப்பது நல்லது. ஏற்றியே ஆகவேண்டும் என்றால், அந்த வேலையைத் தனி ப்ராசஸில் ஓட்டுங்கள். அது முடிந்ததும் அதன் மெமரி முழுக்கத் திரும்பிவிடும். 2 ஜிபியில் என் ப்ராஜெக்ட் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.