புது லாரிக்கு அடியில் துரு... ஏமாந்துட்டோமா? எப்போது பயப்பட வேண்டும்?

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தில் சக்கரம் ஏற்றி எடுத்து வந்த லாரி. முதல் தவணைகூட இன்னும் கட்டவில்லை. அவலூர்பேட்டை வந்து அடியில் குனிந்து பார்த்தால் ஆக்சில், போல்ட், ஸ்பிரிங் பட்டை எல்லாம் செம்மண் பூசின மாதிரி துரு! "புதுசுன்னு சொல்லி பழசைத் தள்ளிட்டாங்களோ?" என்ற சந்தேகம் வரத்தான் செய்யும்.

பெரும்பாலும் அது வெறும் மேல் துருதான். ஆனால், எல்லா துருவையும் அப்படி விட்டுவிட முடியாது. எதை விடலாம், எதை விடக்கூடாது? பார்க்கலாம்.

புது வண்டியில் எப்படி துரு?

இரும்பு, ஈரம், காற்றில் உள்ள ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு வரும். வண்டி புதுசா, பழசா என்று அது பார்ப்பதில்லை.

கேபினுக்கு இருக்கும் பெயிண்ட் பாதுகாப்பு கீழே உள்ள எல்லா பாகங்களுக்கும் கிடையாது. பிரேக் டிரம் வார்ப்பிரும்பு. லைனிங் உரசும் இடத்தில் பெயிண்ட் அடிக்கவே முடியாது. ஒரு ராத்திரி மழையில் நின்றாலே காலையில் துரு படரும், நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றோடு ஒன்று உரசுவதால் அங்கே பெயிண்ட் நிற்காது. சைலன்சர் சூடாகி ஆறி, சூடாகி ஆறி பூச்சை இழக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. நம்ம ஊரில் பல லாரிகள் வெறும் சேஸாக வாங்கப்பட்டு, நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில்தான் பாடி கட்டப்படுகின்றன. அதுவரை வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். பாடி கட்டும்போது வெல்டிங் சூட்டில் பெயிண்ட் கருகிய இடத்தில்தான் துரு முதலில் தலைகாட்டும்.

மேல் துருவா, அரிப்பா?

கண்டுபிடிக்க ஒரு கம்பி பிரஷ் போதும்.

* தேய்த்ததும் தூளாக உதிர்ந்து, அடியில் வழவழப்பான இரும்பு தெரிந்தால் அது மேல் துரு. கவலை வேண்டாம்.
* தேய்த்த பிறகும் சின்னச் சின்ன குழிகள் தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது.
* செதில் செதிலாக உரிந்தாலோ, தட்டினால் சத்தம் மாறினாலோ உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். புது வண்டியில் இது வரவே கூடாது.

துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால்தான் உப்பி, உரிந்து விழுகிறது. உரிந்த இடத்தில் அடுத்த அடுக்கு இரும்பு துருப்பிடிக்கும். அலுமினியத்தில் உருவாகும் படலம் இறுக ஒட்டிக்கொண்டு உலோகத்தைக் காக்கும். துருவுக்கு அந்த குணம் இல்லை.

என்ன லோடு ஏற்றுகிறீர்கள்?

அவலூர்பேட்டை கடலில் இருந்து தள்ளி இருக்கும் ஊர். இங்கே நெல் மூட்டை மட்டும் ஏற்றும் வண்டியில் மேல் துரு மெதுவாகத்தான் வளரும். அதே வண்டி மரக்காணம் உப்பளத்துக்குப் போய் உப்பு ஏற்றினால் கதையே வேறு. உப்பு கலந்த தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும் என்பதால், துருப்பிடிக்கும் வேலை வேகமெடுக்கும். உர மூட்டையிலும் இதே ஆபத்து உண்டு. வயலுக்குப் போடும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதுவும் ஒரு வகை உப்புதான்.

உப்பு என்ன செய்யும் என்பதற்கு பாம்பனே சாட்சி. 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் கடல்காற்றில் அரித்து பலவீனமானதால், 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் மட்டும் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் துரு அடியில் மட்டும் இருக்காது. சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட், கேபின் தரை, ஒயர் இணைப்புகள் வரை துருவும் வண்டலும் இருக்கும். டெலிவரி எடுக்கும்போதே இவற்றைப் பார்த்து போட்டோ எடுத்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

* உப்பு, உரம் ஏற்றி இறக்கிய அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, காய விடுங்கள்.
* சேஸில் மேல் துரு இருந்தால் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, பிரைமர் அடித்து, அதன்மேல் பெயிண்ட் அடியுங்கள்.

என்ன செய்யக் கூடாது?

* துருவைச் சுத்தம் செய்யாமல் தார் மாதிரியான கோட்டிங் அடிக்காதீர்கள். ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும்.
* பழைய இன்ஜின் ஆயிலைத் தெளிக்காதீர்கள். ரப்பர் பாகங்கள் கெடும். பிரேக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து.
* பிரேக் டியூப், சென்சார், சேஸ் நம்பர் மேல் பெயிண்ட் படக்கூடாது. நம்பர் மறைந்தால் எஃப்.சி.க்குப் போகும்போது சிக்கல்.

மேல் துருவுக்குப் பயந்து ஆயிரக்கணக்கில் செலவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் தவணை முடியும்வரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் வண்டி ஓட வேண்டுமே! மாதம் ஒரு தடவை குனிந்து பாருங்கள், போதும்.