மலையா, கடலா?

மதுரையில் ஒரு பள்ளி வகுப்பு மே மாதத்தில் ஒரு நாள் சுற்றுலா புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேர் கொடைக்கானல் என்கிறார்கள். மீதிப் பேர் இராமேஸ்வரம் என்கிறார்கள். தூரம் முன்னதற்குச் சுமார் 120 கிலோமீட்டர், பின்னதற்குச் சுமார் 170. மலைப்பாதையின் வளைவுகளால் பயண நேரத்தில் பெரிய வேற்றுமை இல்லை. கைதூக்கச் சொல்லி எண்ணி முடிவு செய்யலாம். நாம் வெப்பமானியைக் கேட்டுப் பார்ப்போமே!

மே மாதப் பகலில் மதுரையில் 38 டிகிரி செல்சியஸ் சாதாரணம். கொடைக்கானலிலோ 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மலை சூரியனுக்கு 2 கிலோமீட்டர் அருகில் அல்லவா இருக்கிறது? சூரியன் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது அந்த 2 கிலோமீட்டர் எந்த மூலைக்கு!

வெயில் காற்றை நேராக அதிகம் சூடாக்குவதில்லை. அது தரையைச் சூடாக்குகிறது. தரை காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழுகிறது. மேலே அழுத்தம் குறைவு. ஆகவே காற்று விரிகிறது. விரிவதற்கு வேண்டிய ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால் குளிர்ந்துவிடுகிறது. உலர்ந்த காற்று 1000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 10 டிகிரி குளிரும். கொடைக்கானல் மதுரையைவிடச் சுமார் 2000 மீட்டர் உயரம். கணக்கு ஒத்துவருகிறதா? மலைத் தரையும் வெயிலில் சூடாகத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சூழ்ந்து வீசுவது இந்தக் குளிர்ந்த காற்று.

குளிர்கிறதே என்று தொப்பியைப் பையில் வைத்துவிடாதீர்கள். 1000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் புற ஊதாக் கதிர்கள் கூடுகின்றன. சுடாமலே தோலைச் சிவக்க வைக்கும் வெயில் அது.

இனி இராமேஸ்வரம். அது ஒரு தீவு. காற்று எங்கிருந்து வந்தாலும் கடலைத் தாண்டித்தான் வரவேண்டும். 1 கிராம் நீரை 1 டிகிரி சூடாக்க 1 கலோரி வேண்டும். உலர்ந்த மணலுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். அலைகள் வேறு நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே கடல் லேசில் சூடாவதில்லை. மே மாதப் பகலிலும் இராமேஸ்வரத்தில் 33 டிகிரி அளவுதான். மதுரையைவிட 5 டிகிரி குறைவு!

ஆனால் நம் உடல் வெறும் வெப்பமானி அல்ல. அது வியர்வையால் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. 1 கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பம் வெளியேறும். காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால்? வியர்வை வழியும், ஆவியாகாது. இதை அளக்க ஒரு வழி உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றோட்டத்தில் பிடிக்க வேண்டும். மதுரையில் 38 டிகிரியும் 35 சதவீத ஈரப்பதமும் இருந்தால் ஈரக்குமிழ் சுமார் 25 டிகிரி காட்டும். இராமேஸ்வரத்தில் 33 டிகிரியும் 75 சதவீதமும் இருந்தால் 29 காட்டும். வெப்பம் குறைந்த ஊரில் ஈரக்குமிழ் ஏறிவிட்டது! கடற்காற்று ஓரளவு கைகொடுக்கும் என்பது உண்மையே. ஆனால் நண்பகலில் நிழலில்லாத மணலில் ஓடியாடினால் மயக்கம் வரலாம்.

ஆகவே மே மாதத்தில் என் வாக்கு கொடைக்கானலுக்கே. விடியுமுன் புறப்படுங்கள், கோடையில் பிற்பகல் இடிமழை அங்கே புதிதல்ல. இதே கேள்வியைப் பிப்ரவரியில் கேட்டால் தயங்காமல் இராமேஸ்வரம் என்பேன். அப்போது அங்கே வெயிலும் புழுக்கமும் தணிந்திருக்கும்.

எங்கே போனாலும் இரண்டு வெப்பமானிகளைக் கொண்டுபோங்கள். ஒன்றுக்கு ஈரத்துணி கட்டுங்கள். மலைக்குப் போனால் வத்தலக்குண்டு, பெருமாள்மலை, கொடைக்கானல் ஏரிக்கரை என நிற்குமிடமெல்லாம் நிழலில் பிடித்து இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மதுரையில் வாங்கிய, பிரிக்காத சிப்ஸ் பொட்டலம் ஒன்றையும் வழிநெடுகக் கவனியுங்கள். ஏரிக்கரையில் அது ஏன் அப்படி உப்பியிருக்கிறது என்று, தின்பதற்கு முன்னால், உங்களில் யார் சொல்கிறீர்கள்?